புத்தகத்தை எந்த இடத்தில் மூடினாய்?

தத்துவத் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவர் சார்பாக ஒருவர் எனக்குப் போன் செய்தார். அடுத்த ஆண்டு தத்துவம் படிக்க வரப்போகிற பிள்ளைகள் முன்கூட்டியே படித்துவிட்டு வருவதற்கு நல்லதாகப் பத்துப் புத்தகம் சொல்லுங்கள் சார், கல்லூரியின் இணையதளத்தில் போட வேண்டும் என்றார். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. ஓய்வுபெற்ற தத்துவ ஆசிரியனிடம் இந்தத் திருநெல்வேலியில் யாரும் எதையும் கேட்பதில்லை. உயிரோடு இருக்கிறீர்களா என்று வருஷத்துக்கு ஒருமுறை பென்ஷன் ஆபீசில் கேட்பார்கள், அதோடு சரி.

பத்து என்ன, நூறுகூடச் சொல்லலாம். சொல்வதற்குத்தானே முப்பது வருஷம் சம்பளம் வாங்கினேன்! ஆனால் நாங்களும் ஒருகாலத்தில் இப்படி ஒரு பட்டியல் போட்டோம். அது என்ன பாடு பட்டது என்பதைக் கேட்டுவிட்டு உங்கள் பட்டியலைப் போடுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் துறைக்கு வந்து சேர்கிறவர்கள் யார் தெரியுமா? வணிகவியல் கிடைக்காமல், வரலாறு கிடைக்காமல், கடைசியில் எந்த வரிசையிலும் நிற்க இடமில்லாமல் போனவர்கள். ஜூன் மாதம் வந்தால் நாங்கள் மூன்று ஆசிரியர்களும் வராந்தாவில் நின்றுகொண்டு, திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் லாட்ஜுக்கு ஆள் பிடிக்கிறவர்களைப் போல, போகிற வருகிற பிள்ளைகளை எல்லாம் பல்லைக் காட்டி அழைப்போம். வந்து மாட்டுகிற நாலைந்து பேரிலும் இருவர் ஆகஸ்டுக்குள் வேறு கல்லூரிக்கு ஓடிவிடுவார்கள்.

அப்போதுதான் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் கலெக்டர் பரீட்சையில் தேறினான். பேப்பரில் படம் வந்தது. விருப்பப் பாடம் தத்துவம் என்றும் போட்டிருந்தார்கள். அவன் படித்தது இன்ஜினியரிங். பாடம் கொஞ்சமாக இருக்கிறதே என்று பரீட்சைக்கு மட்டும் தத்துவத்தை எடுத்தவன். அதுவும் அதே செய்தியில்தான் இருந்தது, ஆனால் அவ்வளவு தூரம் யார் படிக்கிறார்கள்? தத்துவம் படித்தால் கலெக்டர் என்று பாளையங்கோட்டை முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த ஜூனில் எங்கள் வாசலில் கூட்டம் நெட்டித் தள்ளியது. வயல்களை எல்லாம் விற்றுவிட்டு உத்தியோகத்துக்கு வந்த பெரிய குடும்பங்கள், பட்டை விபூதியோடு, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷமாக யாரும் சீந்தாத கடைக்குத் திடீரென்று கூட்டம் வந்தால் முதலாளி என்ன செய்வான்? கூட்டத்தை விரட்டத்தான் முதலில் யோசிப்பான். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

எங்கள் துறைத்தலைவர் ஏரல்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். ஓய்வுபெறுவதற்கு அதிக நாள் இல்லை. யார் என்ன பேசினாலும் ஒரு கண் கைக்கடிகாரத்தில் இருக்கும். "நேர்முகத் தேர்வு வச்சு வடிகட்டுவோம்வே. முன்னாலயே சில புஸ்தகத்தச் சொல்லிப் படிச்சிட்டு வரச் சொல்லுவோம். பாதி பேரு அதுக்கே ஓடிருவான்" என்றார்.

என்ன புத்தகம் என்று பேச உட்கார்ந்தோம். அன்றைக்குத்தான் தத்துவவாதிகளின் சகிப்புத்தன்மையை நான் கண்ணால் கண்டேன். எனக்கு மூத்த விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். சைவ சித்தாந்தம் தவிர மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்பது அவர் கட்சி. முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரைச் சித்தாந்தி என்போம். அவர் சித்தாந்தத்தில் மூன்று புத்தகம் சொன்னார். நான் அப்போதுதான் தாடி வைக்கத் தொடங்கியிருந்த காலம். வாயில் நுழையாத பெயருடைய மேலை நாட்டார் மூவரைச் சொன்னேன். கடைசியில் இரண்டு கட்சியையும் அப்படியே சேர்த்துப் போட்டார் தலைவர். "பிள்ளைகளுக்குப் புரியும்படியா தமிழ்ல ஒண்ணாவது போடுங்கவே, பாவம்" என்று ஒரு மெலிந்த அறிமுக நூலையும் கடைசியில் ஒட்டவைத்தார். ஆக ஏழு. இவற்றில் ஆறு புத்தகம் இந்த மாவட்டத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது என்பது எங்கள் மூவருக்கும் நன்றாகத் தெரியும். பரிந்துரை என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்!

பட்டியலை ஒட்டிய சில வாரங்களிலேயே பஜாரில் கைடு வந்துவிட்டது.

ஆமாம், கைடுதான். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு வருகிற அதே மஞ்சள் அட்டை. ஏழு புத்தகத்தையும் பிழிந்து கேள்வி பதிலாக எழுதி, சட்டைப் பையில் மடித்து வைக்கிற அளவுக்கு அடித்திருந்தார்கள். கிடைக்காத ஆறு புத்தகத்துக்கும் அதில் சுருக்கம் இருந்தது. நான் சிபாரிசு செய்த மேலை நாட்டாருடைய கருத்தை நானே அதில்தான் முதன்முதலில் தெளிவாகப் படித்தேன். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அனுபவமிக்க பேராசிரியர் குழு' என்று இருந்தது. இந்த ஊரிலேயே தத்துவம் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். தலைவர் எழுதவில்லை, எழுதினால் பஸ்ஸை விட்டுவிடுவார். நானும் எழுதவில்லை. மிச்சக் குழுவை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வு அன்று முதல் பையன் உள்ளே வந்தான். "கனவுக்கும் நனவுக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டார் சித்தாந்தி.

"கனவு நிலையற்றது. நனவு அதனினும் நிலையுடையது. இவ்விரண்டையும் அறியும் உயிர் இரண்டினும் வேறானது. இதனை அறிஞர் மூவகையாக விளக்குவர்" என்று மூச்சு விடாமல் சொன்னான்.

அடுத்து வந்தவனும் அதையேதான் சொன்னான், மூச்சு வாங்கிய இடம்கூட அதேதான். அதற்கடுத்தவனும் அப்படியே. பிள்ளைகள் சொல்லச் சொல்லச் சித்தாந்தியின் உதடுகள் கூடவே அசைந்தன. ஒருவன் 'மூவகையாக' என்பதற்குப் பதிலாக 'நால்வகையாக' என்று சொன்னபோது அவர் முகம் வாடியதே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பெற்ற பிள்ளை தடுக்கி விழுந்தால்கூட அவ்வளவு வருந்தியிருக்கமாட்டார்.

இப்படியே போய் இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் ஏறக்குறைய எல்லா இடமும் நிரம்பிவிட்டது. ஒதுக்கீட்டு இடங்கள் முதல் நாளே முடிந்திருந்தன. பொதுவில் ஒரே ஓர் இடம் மிச்சம். வெளியே இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவன் குமரேசன். அப்பா தாலுகா ஆபீசில் பெரிய பதவி. மகனுக்கு முன்னால் அவரே உள்ளே வந்து, திருச்செந்தூர்ப் பன்னீர் இலை விபூதியை எங்கள் மூவருக்கும் கொடுத்தார். "இத்தனை வருஷமா கலெக்டருங்க முன்னால நின்னுக்கிட்டே இருக்கேன் சார். ஒரு கலெக்டராவது எங்க வீட்டு ஆளுக்கு முன்னால நிக்கணும்லா? அதான் பையனக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார். பையன் கைடை முழுதாக ஒப்பித்தான். சித்தாந்தி இருபதுக்கு இருபது போட்டார்.

இன்னொருத்தி முத்துலட்சுமி. மாஞ்சோலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மலையிறங்கி வந்திருந்தாள். அம்மா அங்கே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். தத்துவத்தின் மேல் தீராத வேட்கையோடு வந்தவள் என்று எதையாவது கற்பனை செய்துகொண்டுவிடாதீர்கள். ஏன் தத்துவம் என்று தலைவர் கேட்டதற்கு, "மத்த எல்லாத்துலயும் எடம் முடிஞ்சுபோச்சு சார்" என்றாள்.

"இங்கயும் இல்லன்னா?"

"திங்கக்கெழம எஸ்டேட்டுல பேரு பதியணும் சார். அம்மா சொல்லிட்டா. பேரு பதிஞ்சிட்டா அப்புறம் கொளுந்துதான்."

அன்று வெள்ளிக்கிழமை.

சித்தாந்தி தன் கேள்வியைக் கேட்டார். கனவுக்கும் நனவுக்கும் என்ன வேறுபாடு?

"கைடு வாங்கியாரச் சொல்லி மலை பஸ் கண்டக்டர் அண்ணன்ட்ட சொல்லிவிட்டேன் சார். தீந்துபோச்சுன்னுட்டாரு. அம்பாசமுத்திரம் லைப்ரரியிலேருந்து இந்தத் தமிழ்ப் புஸ்தகத்த மட்டும் கொண்டாந்து குடுத்தாரு. அதுலயும் நீங்க கேக்குத கேள்வி வார எடத்துல மூடி வச்சிட்டேன்" என்றாள்.

"மூடி வச்சிட்டியா? நல்ல கூத்து" என்று சித்தாந்தி சிரித்துக்கொண்டே இரண்டு மதிப்பெண் போட்டார். இரண்டாவது எதற்கு என்று தெரியவில்லை, ஒருவேளை மலையிறங்கி வந்ததற்காக இருக்கலாம்.

எனக்கு அவர் சிரிப்பு பிடிக்கவில்லை. அந்த எரிச்சலில்தான், "எங்கன மூடின? ஏன் மூடின?" என்று கேட்டேன். வேறு பெரிய யோசனை எதுவும் இல்லை.

"நாம பாக்குத இதெல்லாம் கனவா இருக்கலாம், முழிச்சிருக்கோம்னு எப்படிச் சொல்லுவேன்னு போட்டிருந்துச்சு சார். அன்னைக்கு எங்கம்மா கால்ல அட்டைப்பூச்சி கடிச்சு ரத்தம் நிக்கவே இல்ல. நான் துணிய வச்சு அமுக்கிக்கிட்டு இருக்கேன். இதப் போயி கனவுங்காரேன்னு எழுதினவரு மேல கோவம் வந்திச்சு. மூடிட்டேன்."

"அப்புறம்?"

"ரெண்டு நாள் கழிச்சுத் தெறந்தேன். அப்பந்தான், கனவுலயும் ரத்தம் வருமேன்னு தோணிச்சு. அப்போ என்னத்த வச்சுச் சொல்லன்னு தெரியல. திரும்பவும் மூடிட்டேன்."

நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பார்த்திராத ஒன்றைத் தலைவர் செய்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "வெளிய இரும்மா" என்றார்.

அவள் கதவைச் சாத்தவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. கல்லூரிச் செயலர். தலைவர் எழுந்து நின்றுகொண்டே பேசினார். "ஆமாங்க. தாலுகா ஆபீஸ் அண்ணாச்சி பையன்தாங்க. கேக்குதேங்க. நல்லதுங்க." வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

சித்தாந்தி பேனாவை மூடினார். "அப்போ முடிஞ்சுபோச்சு."

"அவரு சொன்னதக் கேக்குதேன்னுதான்வே சொன்னேன். செய்யுதேன்னு சொல்லல" என்றார் தலைவர். இந்த ஒரு வாக்கியத்தை நான் பின்னால் எத்தனையோ செயலர்களிடம் சொல்லிப் பிழைத்திருக்கிறேன். உங்களுக்கும் வேண்டியிருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாக்கியம் வேறு, துணிச்சல் வேறு. சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "இப்போ என்னவே செய்ய? இருபதுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

பையனை மறுபடி கூப்பிடுங்கள், அதே கேள்வியை அவனிடமும் கேட்போம் என்றேன்.

குமரேசன் வந்தான். "தம்பி, புஸ்தகத்த எந்த எடத்துல மூடின?" கைடில் இல்லாத கேள்வி. சித்தாந்தியை ஒருமுறை பார்த்தான். அவர் உதடு அசையவில்லை.

"தெறக்கவே இல்ல சார்."

"கலெக்டர் ஆகணும்லா?"

"வேண்டாம் சார். எனக்கு அந்த வேலையும் வேண்டாம், பங்களாவும் வேண்டாம். மோட்டார்னா உசுரு சார். பாலிடெக்னிக் போறேன்னு சொன்னா எங்கப்பா தோல உரிச்சிருவாரு. நீங்களா எடம் இல்லன்னு சொல்லிருங்க சார். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதிய."

அந்த இரண்டு நாளில் நாங்கள் கேட்ட உண்மையான பதில்கள் இரண்டே இரண்டு. இரண்டும் கடைசி அரை மணி நேரத்தில் வந்தன. தலைவர் என் தோளைத் தட்டினார். "நீரே போயி அவன் அப்பாட்ட பேசும். பாத்துப் பேசும், எனக்குப் பென்ஷன் வரணும்."

இந்த இடத்தைக் கவனியுங்கள். இடமில்லை என்று சொன்னால் அவர் செயலர் வீட்டுக்குப் போவார். பையன் தத்துவத்துக்குத் தகுதியில்லை என்றால் பன்னீர் இலை விபூதி கொடுத்த கையாலேயே அடிப்பார். பையன் சொன்னதைச் சொன்னால் அவன் தோல் போகும். வராந்தாவில் பத்தடி நடக்கிற நேரம்தான் எனக்கு இருந்தது. அந்தப் பக்கம் சுவரோரம் முத்துலட்சுமி நின்றுகொண்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பையன் நல்லாச் சொன்னாம்லா சார்?"

"சொன்னான் அண்ணாச்சி. அதான் எனக்கு யோசனையா இருக்கு."

"என்ன யோசனை?"

"எந்தக் கேள்விக்கும் தடுமாறல. கடைசியா, கலெக்டர் ஆகணும்லான்னு கேட்டேன். பங்களாவும் வேண்டாம்ங்கான், பதவியும் வேண்டாம்ங்கான். இந்த வயசுல இப்படி ஒரு பையன நான் பாத்ததே இல்ல." முகத்தை முடிந்த மட்டும் கவலையாக வைத்துக்கொண்டேன். "ஒங்க குடும்பத்துல முன்ன யாராவது வீட்ட விட்டுப் போயிருக்காங்களா?"

அவர் என் பக்கம் நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார். "எங்க சித்தப்பா ஒருத்தரு... கல்யாணத்துக்கு நாள் குறிச்சதுக்கப்புறம் குத்தாலத்துக்குக் குளிக்கப் போனவரு, திரும்பவே இல்ல."

"அவரு என்ன படிச்சிட்டு இருந்தாரு?"

"இதே கண்றாவியத்தான் சார்!"

நான் பேசாமல் நின்றேன். சில சமயம் பேசாமல் நிற்பதற்கும் சேர்த்துத்தான் நமக்குச் சம்பளம். அவரே மனசுக்குள் தன் மகனை மூன்று வருஷம் தத்துவ வகுப்பில் உட்காரவைத்துப் பார்த்தார், காவி கட்டிப் பார்த்தார், குற்றால அருவிக் கரையில் தாடியோடு பார்த்தார்.

"ஒத்தப் பையன் சார்" என்றார்.

"சேக்கதும் சேக்காததும் ஒங்க இஷ்டம் அண்ணாச்சி. எனக்குத் தோணுதது, எண்ணெயும் கிரீசும் கையில படுத படிப்பாப் பாத்துப் போட்டா மனசு அந்தப் பக்கம் போகாது."

"ஏலே குமரேசா! வாலே வெளிய! இந்தக் கட்டடத்துலயே நிக்காத!" மனுஷர் பையனை இழுத்துக்கொண்டு போன வேகத்தில் துண்டு கீழே விழுந்தது, அதைக்கூட எடுக்கவில்லை. மாலையில் செயலர் மறுபடியும் கூப்பிட்டார். ஒரு குடும்பத்தை அழிக்கப் பார்த்தீர்களாமே என்று சத்தம் போட்டார். "கேக்குதேங்க" என்றார் தலைவர். அதற்குள் முத்துலட்சுமி பெயரில் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். அன்று ஏரல் பஸ்ஸை விட்டுவிட்டார். அடுத்த பஸ் வரும் வரைக்கும் என்னோடு டீக்கடையில் உட்கார்ந்து, சித்தப்பா கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

குமரேசன் இப்போது வண்ணார்பேட்டையில் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். கலெக்டர் ஆபீஸ் வண்டிகளும் அவனிடம்தான் வரும். ஒரு தடவை வண்டி தயாராகும்வரை கலெக்டரே அவன் முன்னால் கைகட்டி நின்றாராம். அப்பா கேட்டது இதைத்தானே!

இவ்வளவும் நடந்து நாங்கள் என்ன கற்றுக்கொண்டோம் என்கிறீர்களா? மறு வருஷமும் அதே ஏழு புத்தகம்தான். ஆனால் எல்லோரிடமும் என் கேள்வியைக் கேட்பது என்று பெருமையோடு முடிவு செய்தோம். புத்தகத்தை எந்த இடத்தில் மூடினாய்? முதல் பையன் நெஞ்சை நிமிர்த்தி, "நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மூடினேன். அங்கு கூறப்பட்ட கருத்து என் சிந்தனையைத் தூண்டியமையே காரணம்" என்றான். இரண்டாமவனும் நாற்பத்தொன்று. மூன்றாமவனும். பக்கத்தில் பார்த்தேன். சித்தாந்தியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

ஆகவே பட்டியலைத் தாராளமாகப் போடுங்கள். நீங்கள் போட்ட மறுநாளே பிள்ளைகளுடைய போனில் அதற்குச் சுருக்கம் வந்துவிடும். சித்தாந்தி காலத்தில் சில வாரமாவது ஆயிற்று. ஒன்றே ஒன்றுதான் உங்களிடம் சொல்ல இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளை, பதில் தெரியவில்லை என்று சொல்லும்போது, அது எந்த மாதிரித் தெரியவில்லை என்று பொறுத்து நின்று கேளுங்கள். படிக்காத தெரியவில்லை ஒன்று உண்டு. படித்துச் சண்டை போட்டுவிட்டு வந்த தெரியவில்லை இன்னொன்று உண்டு. இரண்டுக்கும் மதிப்பெண் தாளில் ஒரே கட்டம்தான் இருக்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

முத்துலட்சுமி படித்து முடித்து விக்கிரமசிங்கபுரம் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை ஆனாள். கலெக்டரும் ஆகவில்லை, ஞானியும் ஆகவில்லை. எப்போதாவது பேசுவாள். எஸ்டேட்டை மூடி, மாஞ்சோலையை விட்டு ஜனங்கள் எல்லாம் இறங்கிய பிறகு ஒருநாள் கூப்பிட்டாள்.

"சார், அம்மா இப்ப எங்கூடத்தான் இருக்கா. காலையில முழிச்ச உடனே, எஸ்டேட் சங்கு ஊதலியேங்கா. சன்னலத் தெறந்து பாத்துட்டு, தேயிலையக் காணோமேங்கா. இன்னைக்கு எங்கிட்ட, 'ஏட்டி, நான் கனவு காணுதேனா?'ன்னு கேட்டா சார்."

"நீ என்னம்மா சொன்ன?"

"எனக்கு என்ன சொல்லன்னு தெரியல சார். அவளே குனிஞ்சு, கால்ல அட்டைப்பூச்சி கடிச்ச வடுவத் தடவிப் பாத்தா. 'இது இருக்கு. அப்போ நெசந்தான்'னுட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா. கனவுலயும் வடு இருக்கும்லான்னு எனக்குத் தோணிச்சு. அவகிட்ட அதச் சொல்ல வாய் வரல."

பிறகு அவளே சொன்னாள்.

"அன்னைக்கு மூடின எடத்த நான் இன்னும் தாண்டல சார்."

"நானுந்தான் தாயி" என்றேன்.